எங்கள் வீட்டில் மட்டும் திறக்காத வெப்சைட்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நம்புவதில்லை. குறையாகச் சொல்லவில்லை. அவரவர் தொழில் அப்படி.

அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். நாள் முழுக்க பஸ் பஸ்ஸாக ஏறி, எது டிக்கெட் வாங்காத முகம் என்று கண்டுபிடிப்பவர். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், அந்தப் பார்வையை மாட்டமாட்டார். ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே இருக்கிற தக்காளியைக்கூட 'நீ எந்த ஸ்டாப்பில் ஏறினாய்?' என்பதுபோலத்தான் பார்ப்பார்.

வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. டிக்கெட் இல்லாதவர் சிக்கினால் சண்டை போடமாட்டார். போனில் ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டு, "என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க சார்" என்பார். அந்த ஆள் உளறி முடித்ததும், "சொன்னது பதிவாயிடுச்சு. இனி மாத்த முடியாது. இறங்குங்க, சார்" என்பார். இதைத் தூக்கத்திலும் சொல்வார். அம்மா கட்டிலிலிருந்து இறங்கமாட்டாள், அது வேறு விஷயம்.

அம்மா குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்டரில் இருக்கிறாள். ஊரே வந்து அவளிடம் பொய் சொல்லும். 'மோட்டாரே போடலை மேடம்' என்று மோட்டார் போட்ட கை ஈரம் காயாமல் வந்து நிற்பார்கள். அம்மா கேட்டுக்கொண்டே தலையாட்டுவாள். தலையாட்டினால் நம்பிவிட்டாள் என்று அர்த்தம் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அப்பாவுக்கு இது தெரியாது.

நான் இவர்களுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மார்க் என்ன என்று கேட்காதீர்கள், நானும் உங்கள் மார்க்கைக் கேட்கவில்லை.

எனக்கு எலெக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். ஒயரைப் பார்த்தால் எனக்குப் புரிகிறது, பாடப் புத்தகத்தைப் பார்த்தால் புரிவதில்லை. காரணம் அவ்வளவுதான். வீட்டு இஸ்திரிப் பெட்டி, மிக்சி, எதிர்வீட்டு பல் டாக்டரின் காலிங் பெல் எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். எல்லாம் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நானும் இருக்கிறேன்.

பஸ்ஸில் போனால் பக்கத்திலேயே ஒரு மின்பணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. இரண்டு வருஷப் படிப்பு. விண்ணப்பம் வெப்சைட்டில் மட்டும்தான். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

அப்பாவுக்கு வேறு திட்டம். நான் ஏதாவது ஓர் ஆபீஸில் உட்கார வேண்டும். என்ன ஆபீஸ், என்ன வேலை என்பதெல்லாம் அவருக்கு முக்கியமில்லை. உட்கார வேண்டும்.

"என் காலைப் பாரு பாப்பா. நின்னு நின்னு எப்படி வீங்கியிருக்குன்னு பாரு. நீ ஏணி மேல ஏறி நிக்கப் போறியா? நாற்காலி வேணும் உனக்கு. ஃபேனுக்குக் கீழ ஒரு நாற்காலி."

"அந்த ஃபேனை யாருப்பா மாட்டுவாங்க?"

"வேற வீட்டுப் பொண்ணு மாட்டட்டும்!"

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஞாயிற்றுக்கிழமை அப்பா சண்டையை நிறுத்திவிட்டார். "சரி, உன் இஷ்டம். அப்ளை பண்ணிக்கோ" என்றார். சிரித்தார் வேறு.

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தேன். பயிற்சி நிலையத்தின் வெப்சைட் முகவரியைப் போட்டேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் பல் தேய்த்துவிட்டு வந்தேன், அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்று வந்தது. அந்த வாக்கியத்தைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரவென்று வரும். ஏன் முடியவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

"அப்பா, ஒரு வெப்சைட் மட்டும் திறக்க மாட்டேங்குது."

வேறு நாளாக இருந்தால் "நீ என்ன பண்ணித் தொலைச்ச?" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு, "அப்படியா பாப்பா? வா வா, என்னன்னு பார்க்கலாம்" என்றார்.

எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார். போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னார். போட்டேன். "ப்ரௌசர் கேஷ் க்ளியர் பண்ணு" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். டிவி ரிமோட்டைத் தலைகீழாகப் பிடிக்கிற மனிதர் இவர்.

"இதெல்லாம் யாருப்பா சொல்லிக் குடுத்தது?"

"டிப்போல கம்ப்யூட்டர் பார்க்கிறவர் பேசிக்கிட்டிருந்தார். காதுல விழுந்துச்சு."

காதில் விழுந்ததையெல்லாம் செய்தோம். செய்தி திறந்தது. பாட்டு திறந்தது. பூனை பியானோ வாசிக்கிற வீடியோ திறந்தது. பயிற்சி நிலையம் மட்டும் திறக்கவில்லை.

"அவங்க சர்வர் டவுனா இருக்கும்" என்றார் அப்பா. "சர்வரையே ஒழுங்கா நிக்க வைக்கத் தெரியாதவங்க உனக்கு கரண்ட் வேலை சொல்லித் தருவாங்களா? யோசிச்சுப் பாரு."

என் போனில் டேட்டா கிடையாது. 'வீட்லதான் வைஃபை இருக்கே' என்று பள்ளிக்கூடம் முடிந்த அன்றே அப்பா ரீசார்ஜை நிறுத்திவிட்டார். அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தலையாட்டினாள். ஆபீஸுக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் வட்டம்தான். சாயங்காலம் அம்மா டீ கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, எதிர்வீட்டு டாக்டர் நம்ம லைனைத் திருடறாரோ?"

அப்பாவின் கண் பளபளத்தது. ஓர் ஆளைச் சந்தேகப்படச் சொன்னால் அவருக்கு டீகூட வேண்டாம். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. நேராக எதிர்வீடு. பின்னாலேயே நான். எனக்குப் பின்னால் அம்மா, டம்ளரோடு.

பல் டாக்டர் நல்ல மனிதர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர் என்பதால் பதிலை எதிர்பார்க்கமாட்டார்.

"வாங்க சார்! பல்லா? பல்லுதான். இந்தப் பக்கம் வீங்கியிருக்கே. இல்லையா? சரி, என்ன விஷயம்?"

"டாக்டர், எங்க வைஃபை ரெண்டு நாளா சரியில்லை. யாரோ நடுவுல ஏறியிருக்காங்க."

"ஏறியிருக்காங்களா?"

"டிக்கெட் இல்லாம."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா டீயை உறிஞ்சினாள்.

"சார், உங்க வைஃபை எனக்கு எதுக்கு? என் லைனே நல்லா ஓடுது. எந்த வெப்சைட் வரலைன்னு சொல்லுங்க, பார்ப்போம்."

நான் சொன்னேன். அவர் தன் போனில் தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. பச்சை எழுத்தில் நிலையத்தின் பெயர். ஹெல்மெட் போட்ட ஒரு பெண்ணின் படம். 'விண்ணப்பிக்க இங்கே அழுத்தவும்.'

"ஜோரா வருதே சார்!"

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். டிக்கெட் இல்லாத முகம் எப்படி இருக்கும் என்று அவர் எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார். முதலில் ஜன்னலைப் பார்ப்பார்கள். அப்புறம் பாக்கெட்டைத் தடவுவார்கள். அப்புறம் சம்பந்தமில்லாமல் ஏதாவது பேசுவார்கள்.

அப்பா ஜன்னலைப் பார்த்தார். பாக்கெட்டைத் தடவினார். "டாக்டர், இந்தக் கடைவாய்ப் பல்லு கொஞ்ச நாளா கூசுது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் துணி மடிக்கிற சாக்கில் உள்ளே இழுத்தேன்.

"அம்மா, சர்வர் டவுன் இல்லை. அப்பாதான் ஏதோ பண்ணியிருக்கார்."

"மெதுவாப் பேசு. இந்தத் துண்டை அந்தப் பக்கம் பிடி."

"உனக்குத் தெரியுமா?"

"தெருவுல எல்லார் வீட்டுக்கும் தண்ணி வருது, ஒரு வீட்டுல மட்டும் வரலைன்னா என்னடி அர்த்தம்? மெயின் குழாய்ல கோளாறு இல்லை. அந்த வீட்டுக்குள்ளேயே யாரோ வால்வை மூடியிருக்காங்க. தினமும் இதைத்தானே பார்க்கறேன்."

"அப்பாதான்னு எப்படிச் சொல்ற?"

"ரவுட்டரைப் போய்ப் பாரு. பீரோ மேல எல்லாத்துலயும் தூசி ஒரு விரல் கனம். ரவுட்டர் முதுகுல, பாஸ்வேர்டு ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல மட்டும் தூசி இல்லை. அதைப் போட்டு உள்ளே போனா ஒரு வெப்சைட்டை மட்டும் மூடலாம், பாஸ்வேர்டையும் மாத்திடலாமாம். இந்த வீட்டுல நான் துடைச்சா எல்லாத்தையும் துடைப்பேன். நீ எதையும் துடைக்க மாட்ட. ஒண்ணே ஒண்ணை மட்டும் துடைக்கிற ஆள் யாரு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்பவே போய்க் கேக்கறேன்!"

"கேளு. 'எனக்குத் தெரியாது'ம்பார். நீ கத்துவ. அவர் கத்துவார். வெள்ளிக்கிழமை வந்துடும். உனக்கு அப்பாவைக் கையும் களவுமாப் பிடிக்கணுமா, படிப்புல சேரணுமா?"

"ரெண்டும்."

"பேராசை. துண்டை ஒழுங்காப் பிடி." மடித்து அடுக்கினாள். "ஆபீஸ்ல என் போன்ல திறந்து பார்த்துட்டேன். உன் விவரமெல்லாம் போட்டாச்சு. சர்டிபிகேட், போட்டோ எல்லாம் ஏத்தியாச்சு. நீ வேலை செய்யற மாதிரி ஒரு வீடியோ வேணுமாம், அது பெரிய விஷயமில்லை. முக்கியமா ஒண்ணு பாக்கி."

"என்ன?"

"உங்க அப்பா. பொண்ணுங்களைப் பாதியில வீட்டுல நிறுத்திடறாங்களாம். அதனால அப்பா, அம்மா ரெண்டு பேரும் சம்மதம்னு வீடியோவில வாயைத் திறந்து சொல்லணுமாம். நான் சொல்லிடுவேன். அவரும் சொல்லணும்."

எனக்கு உட்காரத் தோன்றியது. அப்பாவின் நாற்காலி ஆசை அந்த ஒரு நிமிஷம் எனக்கும் வந்தது.

"அவ்வளவுதான். போச்சு. அவராவது சொல்றதாவது."

"ஏன்? பேசாம இருக்கிற ஆளா அவர்?" என்றாள் அம்மா. "நீ வாயைத் திறக்காதே. நான் என்ன சொன்னாலும் செய்."

அவளையும் நான் முழுசாக நம்பவில்லை. சொன்னேனே, எங்கள் வீடு அப்படி.

புதன்கிழமை அம்மா ஹாலில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணு தோணுது. இந்த இரும்பு பீரோதான் சிக்னலைத் திங்குது."

"பீரோ எப்படி... பூனை வீடியோவெல்லாம் நல்லாத்தானே வருது?"

"நல்லா வந்தா அந்த ஒண்ணு மட்டும் ஏன் வரலை? உங்களுக்குக் காரணம் தெரிஞ்சா சொல்லுங்க. நான் பேசாம இருந்துடறேன்."

அப்பா பீரோவைப் பார்த்தார். காரணம் தெரியும் என்றால் மாட்டிக்கொள்வார். தெரியாது என்றால் பீரோவைத் தள்ள வேண்டும்.

மேலிருந்த ரவுட்டரை ஸ்டூலில் இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினார். பெட்ரூம் மூலைவரை, மூச்சு வாங்க, ஒவ்வோர் அடிக்கும் நின்று. அந்த பீரோவை நகர்த்தச் சொல்லி நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப பாரு பாப்பா."

வட்டம் சுற்றியது.

"அப்போ லாஃப்ட்ல கிடக்கிற பழைய பாத்திரம்தான்" என்றாள் அம்மா. "சிக்னல் அதுல பட்டுப் பட்டுத் திரும்புது."

லாஃப்ட் காலியானது. அப்பா தலையில் ஒட்டடையோடு இறங்கி வந்தார். வட்டம் சுற்றியது. அடுத்தது ஃபேன் றெக்கை, தூசி காற்றில் பறந்து அலையைக் கலைக்கிறதாம். அடுத்தது ஜன்னல் வலை. கடைசியில் குளியலறைக் குழாய்.

"குழாய்க்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அப்பா ஒரு தடவை மட்டும் நிமிர்ந்தார்.

"ஈரம் ஆகாதுன்னு ரவுட்டர் பெட்டி மேலயே போட்டிருக்கு. சொட்டுச் சொட்டா வீடெல்லாம் ஈரம். வேணாம்னா விடுங்க. பொண்ணு படிப்பைவிடக் குழாய் முக்கியம்னா..."

குழாய் நின்றது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக வராத ஸ்பேனர் அன்று தானாக வந்தது.

எனக்குத்தான் வயிறு எரிந்தது. வியாழக்கிழமை காலை அடுக்களையில் அம்மாவைப் பிடித்தேன்.

"நீ உன் வேலையெல்லாம் முடிச்சுக்கற. என் வேலை?"

"இட்ட வேலையைச் செய்யற நிலைக்கு ஆளைக் கொண்டு வரணுமா வேண்டாமா? நேத்து எதிர்த்துப் பேசினார். இன்னைக்குப் பாரு, கேள்வியே கேக்கமாட்டார்."

அப்படியே நடந்தது. அன்று சாயங்காலம், "இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் குடுங்க" என்றாள். கேள்வியே கேட்காமல் அப்பா போனை எடுத்தார். காதில் வைத்தார். ஹாலில் நடந்துகொண்டே பேசினார்.

"ஹலோ. ஆமா. ஒரே ஒரு வெப்சைட். என்னது? உங்க பக்கம் கோளாறா? எப்ப சரியாகும்? சனிக்கிழமையா? வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாதா? என்னங்க இது, சின்னப் பொண்ணு எதிர்காலம்..."

குரலே தழுதழுத்தது. நன்றாகத்தான் நடித்தார். அப்போது காதிலிருந்த போன் மணியடித்தது.

பேசிக்கொண்டிருக்கிற போன் எப்படி மணியடிக்கும்? அப்பா அதைக் காதிலிருந்து எடுத்து, கையில் பல்லி விழுந்த மாதிரி பார்த்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலும் போன்.

"அடடா, கை பட்டு உங்களுக்குப் போயிடுச்சு" என்றாள். "நீங்க பேசுங்க. என்ன சொன்னாங்க?"

"வந்து... கட் ஆயிடுச்சு."

"பாவம். நானே என் ஆபீஸ்லேர்ந்து பேசினேன். அவங்க என்ன சொல்றாங்கன்னா, ரவுட்டர் இருக்கிற இடமே தப்பாம். ஹால் சுவர்ல உயரமா, தனி ப்ளக் பாயின்ட் போட்டு வைக்கணுமாம். அதுக்கப்புறமும் வரலைன்னாதான் ஆள் அனுப்புவாங்களாம். ஆள் வந்தா உள்ளே போய் எல்லாத்தையும் செக் பண்ணுவாங்களாம். யாரு என்ன மாத்தினா, என்னைக்கு மாத்தினா, எல்லாம்."

"ஆளெல்லாம் எதுக்கு? ப்ளக் பாயின்டே போட்டுடலாம். நாளைக்கு மத்தியானம் என் ட்யூட்டி முடிஞ்சுடும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடறேன்."

"அவர் அடுத்த வாரம்தான் வருவாராம். கேட்டுட்டேன்." அம்மா என்னைப் பார்த்தாள். "இவ போடட்டுமே."

வெள்ளிக்கிழமை அம்மா அரைநாள் லீவு போட்டிருந்தாள். காய்ச்சலுக்கே லீவு போடாதவள். எனக்கு அப்போதே உள்ளுக்குள் ஏதோ பிடிபட்டது, ஆனால் ட்ரில்லைக் கையில் எடுத்த பிறகு எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது.

மெயினை அணைத்தேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். அணைத்த பிறகும் பார்க்க வேண்டும், அணைத்துவிட்டோம் என்று நம்பக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டு வளர்ப்பு எனக்கு உதவுகிறது. பழைய சுவிட்ச் போர்டிலிருந்து சுவரோரமாகக் கோடு போட்டு, பிளாஸ்டிக் பட்டியை நேராகப் பதித்தேன். உள்ளே மூன்று ஒயர். முனை சீவி, முறுக்கி, திருகாணி இறுக்கி, இழுத்துப் பார்த்தேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு வீடியோ?" என்றார் அப்பா.

"கம்பெனிக்காரங்க நம்பணுமே. நம்ம பக்கம் எல்லாம் சரியா செஞ்சோம்னு ஆதாரம் வேணாமா? ஆதாரம் இல்லாமப் பேசினா நீங்க நம்புவீங்களா?"

ஆதாரம் என்ற வார்த்தைக்கு அப்பா மயங்குவார். "அதுவும் சரிதான்" என்றார்.

மெயினைப் போட்டேன். டெஸ்டர் எரிந்தது. ரவுட்டரைச் சுவரில் மாட்டி ப்ளக்கில் செருகினேன். பச்சை விளக்கு வந்தது. அப்பா ஏணியிலிருந்து கையை எடுத்து, அந்தப் பட்டியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்திலும் விரல் தட்டவில்லை. இன்னொரு தடவை தடவினார்.

"ஏங்க, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. சின்னப் பொண்ணு கையில ட்ரில்லைக் குடுத்தீங்களான்னு நாளைக்கு அவங்க கேக்கக்கூடாது பாருங்க. வேலை எப்படி இருக்கு, உங்க சம்மதத்தோடதான் செஞ்சாளான்னு தெளிவாச் சொல்லுங்க. உங்களைவிட யாருக்கு இதெல்லாம் ஒழுங்காச் சொல்ல வரும்?"

அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார். போனை நேராகப் பார்த்தார். அவர் வாயிலிருந்து ஆபீஸ் தமிழ் கொட்டியது.

"பயணச்சீட்டுப் பரிசோதகராகிய நான் கூறுவது. இன்று மதியம் என் வீட்டு ஹாலில் புதிய ப்ளக் பாயின்ட் ஒன்று அமைக்கப்பட்டது. மேற்படி வேலையை என் மகள் தனியாகச் செய்தாள். ஆரம்பம் முதல் முடிவு வரை நான் நேரில் பார்த்தேன். மெயினை அணைத்த பிறகே ஒயரில் கை வைத்தாள். இணைப்புகள் சுத்தமாக உள்ளன. எதுவும் லூசாக இல்லை."

"சம்மதம்" என்று அம்மா போனுக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தாள்.

"என் மகள் மின்சார வேலை செய்வதற்கு எனக்கு முழுச் சம்மதம். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்."

வற்புறுத்தல் விஷயத்தை யாரும் கேட்கவில்லை. பழக்க தோஷம், அவராகச் சேர்த்தார். அப்புறம் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஆபீஸ் தமிழை விட்டுவிட்டு, "நல்லாத்தான் செய்யறா. ரொம்ப நல்லா செய்யறா" என்றார்.

அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"நான் இதைக் கம்பெனிக்கு அனுப்பிட்டு வரேன்" என்று அம்மா செருப்பைப் போட்டாள்.

"இங்கேருந்தே அனுப்பலாமே?"

"வீட்டு லைன்தான் கோளாறாச்சே!" என்றாள். தெருமுனைவரை போய், அங்கே நின்று, நிதானமாக அனுப்பிவிட்டு வந்தாள்.

அப்பா கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். நான் கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரக்கமாகக்கூட இருந்தது, வட்டத்தின் மேல்.

மணி ஐந்து அடித்தது. கொஞ்ச நேரம் விட்டு அப்பா எழுந்தார்.

"பாப்பா, கடைசியா நான் ஒரு தடவை பார்க்கறேன்."

ரவுட்டருக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு கை ரவுட்டரைச் சும்மா தடவிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் போன். கட்டைவிரல் மட்டும் ஓடியது.

"ஆ! கிடைச்சுது! ஒரு ஒயர் லூசா இருந்திருக்கு. இப்ப போடு!"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வெப்சைட்டை மூடியதைக்கூட மன்னிக்கலாம். நான் முடுக்கிய திருகாணி லூசாம்!

போட்டேன். சட்டென்று திறந்தது. பச்சை எழுத்து. ஹெல்மெட் போட்ட பெண்.

"திறந்துடுச்சா? அடடா!" அப்பா ஸ்டூல் மேல் நின்றபடியே முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். "ஆனா மணி அஞ்சு தாண்டிடுச்சே பாப்பா. நம்ம கையில என்ன இருக்கு? போகட்டும். நல்லதா ஒரு நாற்காலி..."

"விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பாருடி" என்றாள் அம்மா. போனை நீட்டினாள். பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

'விண்ணப்பம் முழுமையாகப் பெறப்பட்டது. செய்முறை வீடியோ, பெற்றோர் சம்மதம்: பதிவாகியுள்ளன. திங்கட்கிழமை காலை நேரில் வரவும்.'

கீழே ஒரு சின்னப் படம். அப்பாவின் முகம். காலர் சரியாக இருந்தது. அழுத்தினேன். "பயணச்சீட்டுப் பரிசோதகராகிய நான் கூறுவது" என்று ஹால் முழுக்க அப்பாவின் குரல் கேட்டது. ஸ்டூல் மேலிருந்த அப்பா தான் பேசுவதைத் தானே கேட்டார். 'எதுவும் லூசாக இல்லை' வந்தபோது ரவுட்டரிலிருந்து கையை எடுத்தார். 'முழுச் சம்மதம்' வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இது... இது நான் கம்பெனிக்குச் சொன்னது!"

"எந்தக் கம்பெனிக்கு?" என்றாள் அம்மா.

"இன்டர்நெட் கம்பெனிக்கு!"

"அவங்களுக்கு எதுக்குங்க?"

"இந்தக் கோளாறுக்கு!"

"என்ன கோளாறு? சொல்லுங்க. நானும் திங்கட்கிழமையிலேர்ந்து அதைத்தான் கேக்கறேன்."

அப்பா வாயைத் திறந்தார். சம்மதத்தைத் திரும்ப வாங்க ஒரே வழிதான் இருந்தது. கோளாறு என்ன என்று சொல்ல வேண்டும். ஜன்னலைப் பார்த்தார். பாக்கெட்டைத் தடவினார். "இந்தக் கடைவாய்ப் பல்லு..." என்று ஆரம்பித்தார்.

அம்மா வந்து ஸ்டூல் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னது பதிவாயிடுச்சு. இனி மாத்த முடியாது" என்றாள். "இறங்குங்க, சார்."